முட்டி வலியா? கத்தி இல்லாமலும் வழி இருக்கு!

"முட்டி தேஞ்சு போச்சாம். இனிமே ரொம்ப நடக்காதீங்கன்னு சொல்லிட்டாங்க." உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இந்தப் பேச்சைக் கட்டாயம் கேட்டிருப்பீர்கள். 'தேய்மானம்' என்ற சொல்லிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. செருப்பு தேய்வது மாதிரி, நடக்க நடக்க முட்டியும் தேய்ந்துவிடும் என்ற பயம் மனதில் உட்கார்ந்துவிடுகிறது. அதனால் கோயிலுக்குப் போவது நிற்கிறது, கடைக்குப் போவது நிற்கிறது. கடைசியில் கட்டிலை விட்டு எழுவதே பெரிய வேலையாகிவிடுகிறது.

உண்மை கிட்டத்தட்ட இதற்கு நேர்மாறானது. முழங்கால் மூட்டில் எலும்புகளின் முனையை மூடியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு மெலிவதுதான் மூட்டு தேய்மானம். வயது, உடல் எடை, பழைய அடி, பரம்பரை என்று காரணங்கள் பல. பெண்களுக்கு இது அதிகம் வருகிறது. ஆனால் மூட்டைத் தாங்கி நிற்பது எலும்பு மட்டுமில்லை, தொடையின் முன்பக்கத் தசையும்தான். வலிக்கிறதே என்று நடக்காமல் இருந்தால் அந்தத் தசை மெலிகிறது. தசை மெலிந்தால் பாரம் நேராக மூட்டின் மேல் விழுகிறது, வலி கூடுகிறது. வலி கூடினால் நடை இன்னும் குறைகிறது. இந்தச் சுழலை உடைப்பதுதான் சிகிச்சையின் முதல் வேலை. அதற்குக் காசு செலவில்லாத மருந்து உடற்பயிற்சி.

வீட்டிலேயே தொடங்கலாம். கட்டிலில் காலை நீட்டி உட்காருங்கள். ஒரு துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வையுங்கள். முட்டியால் அந்தத் துண்டைக் கீழ்நோக்கி அழுத்தி, மனதுக்குள் ஐந்து எண்ணிவிட்டுத் தளர்த்துங்கள். ஒரு காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். அடுத்தது, மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கிக்கொண்டு, மற்ற காலை மடக்காமல் ஒரு அடி உயரம் தூக்கி, ஐந்து எண்ணி, மெதுவாக இறக்குவது. கொஞ்சம் பழகியதும், கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைப் பத்து முறை செய்யலாம். இத்துடன் சமதளத்தில், முடிந்த தூரம் நடை.

செய்யும்போது லேசாக வலிக்கும். பயப்பட வேண்டாம், அது மூட்டு கெடுகிறது என்பதற்கு அடையாளம் இல்லை. மறுநாள் வரை வலி கூடியே இருந்தாலோ, முட்டி வீங்கினாலோ எண்ணிக்கையைக் குறையுங்கள். அடியோடு விட்டுவிடாதீர்கள். பலன் தெரிய ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகலாம். பத்து நாள் செய்து பார்த்துவிட்டு "ஒண்ணும் கேக்கலை"ன்னு விடுபவர்கள்தான் அதிகம்!

அடுத்தது எடை. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் முட்டி மேல் விழும் பாரம் சுமார் நான்கு கிலோ குறைகிறது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். 5 கிலோ குறைத்தால் 20 கிலோ அரிசி மூட்டையை இறக்கி வைத்த மாதிரி. பட்டினி கிடக்கத் தேவையில்லை. இரவுச் சோற்றைக் குறைத்துக் காய், சுண்டல் கூட்டிக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு நாலு டீ குடிப்பவர் என்றால் சர்க்கரையைக் கணக்குப் பாருங்கள்.

முட்டியை முழுசாக மடக்கி உட்காரும் வேலைகள் நம் வீடுகளில் நிறைய. அரிவாள்மனையை விட்டுவிட்டு மேசையில் காய் நறுக்கலாம். துணி துவைக்க முக்காலி போட்டுக்கொள்ளலாம். குந்தி உட்காரும் கழிப்பறைதான் பலருக்குப் பெரிய வேதனை. அதன் மேல் வைத்துக்கொள்ளும் நாற்காலி கடைகளில் கிடைக்கிறது. கைத்தடி வைத்திருப்பவர்கள் வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பாதிப் பேர் மாற்றித்தான் பிடிக்கிறார்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில்.

இப்போது மாத்திரைக்கு வருவோம். கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டிய இடம் இது. "முட்டி வலிக்கு ஒரு செட் குடுங்க" என்று மருந்துக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது ஆபத்து. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் வயிற்றில் புண்ணாக்கலாம், ரத்தக் கொதிப்பைக் கூட்டலாம், சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. மேலே தடவும் வலி மருந்துகளில் இந்த ஆபத்து மிகக் குறைவு, அதையே முதலில் முயன்று பார்க்கலாம். ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்குத்தான் நிம்மதி தரும். பல ஆயிரம் ரூபாய் கொடுத்துப் போடும் ஜெல் ஊசியையும், குளுக்கோசமைன் மாத்திரையையும் பரிந்துரைக்க வேண்டாம் என்றே பிரிட்டனின் 2022-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை சொல்கிறது. அதே நெறிமுறை எல்லா நோயாளிகளுக்கும் சொல்லும் சிகிச்சை உடற்பயிற்சி! தைலம் தேய்த்து ஒத்தடம் கொடுப்பது இதமாக இருக்கும், செய்யலாம். ஆனால் அது குருத்தெலும்பை வளர்க்காது.

எக்ஸ்ரேயைப் பார்த்து மனசு உடைந்துபோகவும் வேண்டாம். படத்தில் தேய்மானம் அதிகம் தெரிந்தும் நன்றாக நடப்பவர்கள் இருக்கிறார்கள். படத்தில் கொஞ்சமே தெரிந்து கடும் வலியில் இருப்பவர்களும் உண்டு.

எங்கே போவது? முதலில் உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இயன்முறை சிகிச்சை, அதாவது பிசியோதெரபி, பிரிவு இருக்கிறது. பயிற்சியை ஒருமுறை நேரில் கற்றுக்கொண்டால் பிறகு வீட்டிலேயே செய்துகொள்ளலாம். வெளியே வர முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. உங்கள் ஊருக்கு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ சொன்னால் போதும். சந்தேகம் இருந்தால் 104 எண்ணை அழைக்கலாம்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா ஆபரேஷன்னு சொல்லிடுவாங்க" என்று பயந்தே பலர் வருஷக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். தேய்மானம் என்றவுடன் யாரும் கத்தியை எடுப்பதில்லை. பயிற்சி, எடை, மருந்து எல்லாம் பார்த்தும் தூக்கமும் அன்றாட வேலையும் கெடுகிற அளவுக்கு வலி இருந்தால்தான் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை பற்றிய பேச்சே வரும். அப்படித் தேவைப்பட்டாலும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதி உள்ளவர்கள் அரசு மருத்துவமனையிலேயே செய்துகொள்ளலாம்.

சில அறிகுறிகளுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. முட்டி திடீரென்று சிவந்து, சூடாக வீங்கிக் காய்ச்சலும் வந்தால், விழுந்த பிறகு காலை ஊன்றவே முடியாவிட்டால், கெண்டைக்கால் வீங்கி வலித்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். காலையில் எழுந்ததும் மூட்டு இறுக்கம் அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்து, கைவிரல் மூட்டுகளும் வீங்கினால் அது தேய்மானமாக இல்லாமல் முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கான சிகிச்சை வேறு. எவ்வளவு சீக்கிரம் காட்டுகிறீர்களோ அவ்வளவு நல்லது.