ஹார்டுவேர் சான்றிதழ்: பதினாறு வயதில் எங்கே செல்லும், எங்கே செல்லாது

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரம் என் சர்வீஸ் கடைக்கு ஓர் அம்மா மகளோடு வந்தார். ரிப்பேருக்கு எதுவும் கொண்டுவரவில்லை. "அண்ணே, இவ எந்நேரமும் வீட்டுக் கம்ப்யூட்டரப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா. ஏ பிளஸ்னு ஒரு சர்டிபிகேட் இருக்காம்ல, அத எழுதுனா வேல கெடைக்குமாண்ணே?"

வருஷா வருஷம் மே, ஜூன் மாதங்களில் இந்தக் கேள்வி என்னைத் தேடி வருகிறது. ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரே வார்த்தையில் சொன்னால் அது பிள்ளையை ஏமாற்றுவதாகிவிடும். எந்த வயதில் எழுதுகிறோம், எந்தக் கதவைத் தட்டப் போகிறோம் என்ற இரண்டையும் பொறுத்து பதில் மாறும்.

முதலில் அந்தச் சான்றிதழ் என்ன என்று பார்ப்போம். காம்ப்டியா என்ற அமெரிக்க நிறுவனம் 1993 முதல் ஏ பிளஸ் தேர்வை நடத்துகிறது. தேர்வுகள் இரண்டு. முதலாவது ஹார்டுவேர், நெட்வொர்க், லேப்டாப், மொபைல் பற்றியது. இரண்டாவது ஆபரேட்டிங் சிஸ்டம், பாதுகாப்பு, மென்பொருள் கோளாறு, வேலை செய்யும் ஒழுங்கு பற்றியது. ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் 90 கேள்விகள், 90 நிமிடம். 900 என்ற அளவுகோலில் முதல் தேர்வுக்கு 675, இரண்டாவதற்கு 700 எடுத்தால் பாஸ். இரண்டிலும் தேறினால்தான் சான்றிதழ். தேர்வு தமிழில் கிடையாது. கட்டணமும் சில்லறைக் காசு இல்லை, அமெரிக்காவில் ஒரு தேர்வுக்கே 200 டாலருக்கு மேல். நாட்டுக்கு நாடு கட்டணம் மாறும் என்பதால் இந்திய விலையைக் கேட்டுக்கொண்டு பிறகு முடிவெடுங்கள். 'ஆரம்பநிலை' என்று பெயரே தவிர, ஓராண்டு அளவுக்குக் கைப்பழக்கம் இருந்துவிட்டு எழுதுவதே நல்லது என்று காம்ப்டியாவே சொல்கிறது.

பெற்றோர் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. 2011-க்குப் பிறகு வாங்கிய ஏ பிளஸ் சான்றிதழுக்கு ஆயுள் மூன்றே வருடம். அதற்குள் கூடுதல் பயிற்சிப் புள்ளிகள் சேர்த்தோ, அடுத்த நிலைத் தேர்வு எழுதியோ புதுப்பிக்க வேண்டும். பதினாறு வயதில் எழுதித் தேறிய பிள்ளைக்குப் பத்தொன்பதில் அது காலாவதியாகும். நம் ஊரில் கம்பெனிகள் வேலைக்குக் கூப்பிட ஆரம்பிப்பதே அந்த வயதில்தான்.

அதற்கு முன் கூப்பிடக் கம்பெனிகள் தயங்குவதற்குச் சட்டமும் ஒரு காரணம். 14 வயது முடியாத பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம். 14 முதல் 18 வரை ஆபத்தில்லாத வேலையில் வைக்கலாம், ஆனால் கட்டுப்பாடு உண்டு. இடைவேளையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் கூடாது. இரவு 7 மணியிலிருந்து காலை 8 மணி வரை கூடாது. ஓவர்டைம் கூடாது. வாரத்துக்கு ஒரு நாள் லீவு விட்டே ஆக வேண்டும். எங்கள் தொழிலில் கூட்டம் வருவது ஆபீஸ் விட்ட பிறகுதான், ராத்திரி ஏழு மணிக்கு மேல். சட்டத்தை மதிக்கிற கடைக்காரர் பதினாறு வயதுப் பிள்ளையைச் சம்பளத்துக்கு வைக்க யோசிப்பது இதனால்தான். எத்தனை சான்றிதழ் இருந்தாலும் இந்த யோசனை போகாது. சட்டத்தை மதிக்காத கடைக்காரரிடம் உங்கள் பிள்ளையை அனுப்ப வேண்டாம்.

இணையத்தில் தேடினால் ஏ பிளஸ்ஸைத் தலையில் தூக்கி வைத்துப் பேசுவார்கள். அது பொய்யில்லை, அமெரிக்காவுக்குப் பொருந்துகிற பேச்சு. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே நெடுங்காலம் தன் கணினிப் பணியாளர்களுக்கான அடிப்படைச் சான்றிதழ்ப் பட்டியலில் ஏ பிளஸ்ஸை வைத்திருந்தது. அங்கே வேலை விளம்பரத்திலேயே அதன் பெயர் இருக்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு லேப்டாப் சர்வீஸ் கடையில் ஏறி வேலை கேட்டுப் பாருங்கள். சர்டிபிகேட்டைக் கேட்கமாட்டார்கள். உயிரில்லாத ஒரு போர்டைக் கையில் கொடுத்து, மல்டிமீட்டரை நகர்த்தி வைத்துவிட்டு, என்ன செய்கிறோம் என்று பார்ப்பார்கள்.

ஆனால் எல்லா வேலையும் கடை வேலை இல்லை. பிராண்டுகளின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர், கம்பெனிகளின் ஹெல்ப்டெஸ்க், வங்கிக்கும் மருத்துவமனைக்கும் ரெசிடென்ட் இன்ஜினியர் அனுப்புகிற ஒப்பந்த நிறுவனம் ஆகிய இடங்களில் முதலில் பயோடேட்டாவைப் பார்க்கிறவர் ஸ்குரூடிரைவர் பிடித்தவர் இல்லை. அவருக்குத் தெரியாத ஆளின் திறமையைக் காகிதம்தான் சொல்ல வேண்டும். அங்கே ஐ.டி.ஐ., டிப்ளமோ, டிகிரி என்று ஏதாவது ஒன்று முதலில் இருக்க வேண்டும். அதன் பக்கத்தில் ஏ பிளஸ் இருந்தால், ஒரே படிப்புள்ள இருவரில் நம் பிள்ளையின் பெயர் மேலே வர வாய்ப்பு உண்டு. வெறும் ஏ பிளஸ் மட்டும் இருந்தால் பயோடேட்டா பெரும்பாலும் அந்த மேஜையைத் தாண்டாது.

அப்படியானால் அந்தப் பாடம் வீணா என்றால், இல்லை. இதை அடித்துச் சொல்கிறேன். சான்றிதழைவிட அதற்காகப் படிக்கிற பாடத்துக்கு மதிப்பு அதிகம்.

போன விடுமுறையில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் கற்றுக்கொள்ள வந்து உட்கார்ந்திருந்தான். ஒரு சிஸ்டம் வந்தது. ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை. பழைய பழக்கத்தில் நான் மூடியைத் திறக்கப் போனேன். அவன் கொண்டுவந்தவரைப் பார்த்து, "எப்பலேர்ந்து சார் இப்படி? அதுக்கு முன்னாடி ஏதாவது மாத்துனீங்களா?" என்று கேட்டான். போன வாரம் வீடு மாறியதாக அவர் சொன்னார். அந்த ஒரு பதிலில் பாதி வேலை முடிந்துவிட்டது. வண்டியில் ஏற்றி இறக்கிய மெஷினில் ஏதோ ஒன்று அசைந்து கழன்றிருக்க வேண்டும். வேறு மானிட்டரில் போட்டுப் பார்த்தான், வரவில்லை. ரேமைக் கழற்றி, கறுத்துப்போயிருந்த முனைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துடைத்து, இரண்டு பக்கமும் 'டிக்'கென்று விழும்வரை அழுத்தி மாட்டினான். டிஸ்ப்ளே வந்துவிட்டது.

நானாக இருந்தால் அங்கேயே பில் போட்டிருப்பேன். அவன் விண்டோஸ் முழுசாகத் திறக்கும்வரை காத்திருந்து, மூலையில் தேதியைப் பார்த்தான். பல வருடம் பின்னால் இருந்தது. போர்டில் இருக்கிற சி.ஆர். 2032 பேட்டரி செத்திருக்கிறது. அதை மாற்றாமல் அனுப்பியிருந்தால், "நெட்டுல எந்தப் பக்கமும் ஓப்பன் ஆகல, பாதுகாப்பு இல்லைனு வருது" என்று அதே ஆள் மறுபடி வந்திருப்பார். தேதி தப்பாக இருந்தால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்று காலாவதியானது போலவோ, இன்னும் தொடங்காதது போலவோ தெரியும். பேட்டரி மாற்றிய பிறகு, என்ன கோளாறு, என்ன செய்தோம் என்று நோட்டில் இரண்டு வரி எழுதினான்.

கோளாறைக் கேட்டறிவது, காரணம் இதுவாக இருக்கலாம் என்று ஊகிப்பது, ஊகத்தைச் சோதிப்பது, திட்டமிட்டுச் சரிசெய்வது, முழுசாக வேலை செய்கிறதா என்று பார்ப்பது, எழுதி வைப்பது என்ற ஆறு படிகளும் ஏ பிளஸ் பாடத்தில் அப்படியே இருக்கின்றன. அந்தப் பையன் தேர்வு எழுதவில்லை. புத்தகத்தைப் படித்திருந்தான். பழைய பதிப்புப் புத்தகம் ஒன்றும், வீட்டில் தூங்குகிற ஒரு மெஷினும் போதும். இதற்குப் பெரிய செலவில்லை.

கையில் ஒரு காகிதமும் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஐ.டி.ஐ. 14 வயது முடிந்து, பத்தாவது பாஸ் செய்திருந்தால் சேரலாம். தமிழிலேயே பாடம் கேட்கலாம். ஆனால் டிரேட் பெயரைப் பார்த்துச் சேர்க்க வேண்டும். 'கோபா' என்றால் கம்ப்யூட்டர் படிப்பு, அதனால் ரிப்பேரும் வந்துவிடும் என்று நினைத்துப் பலர் சேர்த்துவிடுகிறார்கள். கோபா ஆபரேட்டர் வேலைக்கும் புரோகிராமிங் உதவி வேலைக்கும் ஆன படிப்பு. ரிப்பேர் கற்க வேண்டுமென்றால் 'கம்ப்யூட்டர் ஹார்டுவேர் அண்ட் நெட்வொர்க் மெயின்டெனன்ஸ்' என்ற ஓராண்டு டிரேடோ, 'ஐ.சி.டி. சிஸ்டம் மெயின்டெனன்ஸ்' என்ற இரண்டாண்டு டிரேடோ பக்கத்து ஐ.டி.ஐ.யில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் ஐ.டி.ஐ.க்கும் உண்டு. தகுதி விவரத்தைச் சேர்க்கையின்போதே கேட்டுவிட வேண்டும். முடித்ததும் அப்ரண்டிஸாகப் போகலாம். 2016-ல் வந்த தேசியத் திட்டத்தில், உதவித்தொகையில் கால் பங்கை, அதிகபட்சம் மாதம் 1,500 ரூபாய்வரை, மத்திய அரசு தருவதால் நிறுவனங்களுக்கும் ஆள் எடுக்கப் பெரிய தயக்கம் இருக்காது.

'நூறு சதவீதம் வேலை உறுதி' என்று பேனர் கட்டுகிற தனியார் சென்டர்களில் பணம் கட்டுவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். சான்றிதழ் யார் பெயரில் வரும்? சென்டருக்கு வெளியே அதை யார் சரிபார்க்க முடியும்? என் உறவுக்காரப் பையன் ஒருவன் ஆறு மாதம் போய் வந்தான். பளபளவென்ற டிப்ளமோ கொடுத்தார்கள். ஒரு எஸ்.எம்.பி.எஸ். பவர் சப்ளையைக் கையில் தொட்டதில்லை, எல்லாம் புரொஜெக்டரில் காட்டிய படம். அந்தப் பணத்துக்கு நல்ல மல்டிமீட்டரும், சால்டரிங் செட்டும், இரண்டு பழைய லேப்டாப்பும் வந்திருக்கும்.

இன்னொன்று, யாரும் சான்றிதழாக எண்ணாதது: டிரைவிங் லைசன்ஸ். வீட்டுக்கும் ஆபீசுக்கும் போய்ப் பார்க்கிற ஃபீல்டு வேலைக்கு ஆள் எடுக்கும்போது, "வண்டி இருக்கா, லைசன்ஸ் இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. கியர் வண்டிக்கும் இன்றைய ஸ்கூட்டர்களுக்கும் 18 ஆக வேண்டும். 16 வயதில் கிடைப்பது 50 சி.சி.க்கு மேல் போகாத கியரில்லாத வண்டிக்கு மட்டும். பதினெட்டு முடிந்த மறுவாரமே எல்.எல்.ஆர். போட்டுவிட வேண்டும்.

வேலைக்குப் பஞ்சம் வந்துவிடவில்லை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 ஏறாத மெஷின்களைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் வருகிறார்கள். எதை மாற்றலாம், எதில் லினக்ஸ் போடலாம், எதற்கு எஸ்.எஸ்.டி. போட்டும் புண்ணியமில்லை என்று நேர்மையாகச் சொல்கிற ஆள் எங்களுக்குத் தேவைப்படுகிறது.

அந்த அம்மாவிடம் சொன்னது இதுதான்: பாடத்தை இப்போதே படிக்கட்டும், ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ சேருங்கள், ஏ பிளஸ் தேர்வைப் படிப்பு முடிகிற வருஷம் எழுதலாம். அதுவரை பழுது பார்த்த ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதி வரச் சொல்லுங்கள். என்னிடம் வேலைக்கு வருகிறவர்களிடம் நான் கேட்பது அந்த நோட்டைத்தான்.

"சார், எங்க வீட்டு மெஷின்ல இனிமே பிரிக்க ஒண்ணுமில்ல" என்றாள் அந்தப் பெண். பின்னால் கிடந்த பழைய கேபினட் ஒன்றில் நானே நான்கு கோளாறு செய்து கொடுத்தனுப்பினேன். அடுத்த சனிக்கிழமை நோட்டோடு வந்தாள். மூன்றைப் பிடித்திருந்தாள், தேதி போட்டு, எதை முதலில் சந்தேகப்பட்டாள், ஏன் விட்டாள் என்பதையும் எழுதியிருந்தாள். நான்காவது, உள்ளே ஒரு இழை அறுந்த சாட்டா கேபிள். வெளியே பார்த்தால் தெரியாது. இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.