ஒற்றைச் செருப்பும் மூளைக் கொழுப்பும்

'அம்மாவுக்கு மறதி ஆரம்பித்திருக்கிறது. ஆன்டிஆக்ஸிடன்ட் மூளைக்கு நல்லதாமே, வைட்டமின் ஈ கொடுக்கலாமா?' என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். மருந்துக்கடையில் கேட்டதும் எடுத்துக்கொடுக்கும் பச்சை கேப்சூல்தான். இதுவரை முகப் பளபளப்புக்கு விற்றது, இப்போது மூளைக்கும் விற்கிறது போலிருக்கிறது.

உடல் எடையில் 2 சதவீதமே இருக்கும் மூளை, நாம் இழுக்கும் ஆக்ஸிஜனில் சுமார் 20 சதவீதத்தைச் செலவழிக்கிறது. இதை எல்லோரும் எழுதிவிட்டார்கள். அந்த ஆக்ஸிஜன் எதன் பக்கத்தில் புழங்குகிறது என்பதுதான் சுவாரஸ்யம். நரம்பணுச் சவ்வில் டிஹெச்ஏ என்ற கொழுப்பமிலம் ஏராளம். அதில் 6 இரட்டைப் பிணைப்புகள். இரண்டு பிணைப்புகளுக்கு நடுவே மாட்டிய கார்பனின் ஹைட்ரஜன், இழுத்தால் கையோடு வந்துவிடும். ஒரு மூலக்கூறில் அப்படி 5 இடங்கள்.

கல்யாண மண்டப வாசலுக்கு வாருங்கள். சாப்பிட்டுவிட்டு வந்தவருக்கு ஒற்றைச் செருப்புதான் கிடக்கிறது. யோக்கியர்தான், ஆனால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பக்கத்து ஜோடியில் ஒன்றை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டுகிறார். அடுத்தவரும் அதையே செய்கிறார். தொலைந்தது ஒரு செருப்பு, திருடர்கள் மண்டபம் முழுக்க. இணையற்ற எலக்ட்ரானோடு அலையும் ஃப்ரீ ராடிகல், கொழுப்பமிலத்திலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்குவது இப்படித்தான். பறிகொடுத்த கொழுப்பமிலம் ஆக்ஸிஜனைச் சேர்த்துக்கொண்டு தானே ராடிகலாகி, பக்கத்தில் இருப்பதன்மேல் கை வைக்கிறது. டிஹெச்ஏ, வார் தளர்ந்த செருப்போடு வந்த விருந்தாளி. ஒரு ஆளுக்கு 5 இடத்தில் வார் தளருமா என்று கேட்காதீர்கள்.

வைட்டமின் ஈ, வாசலில் நிற்கும் தாத்தா. தன் செருப்பில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, யாருடையதையும் தொடாமல் நிற்கிறார். பெருந்தன்மை ஒன்றுமில்லை. இணையிழந்த எலக்ட்ரானைத் தன் வளையத்தில் பரப்பி வைத்துக்கொள்வதால் அவருக்கு அவசரமில்லை. சங்கிலி அங்கே அறுகிறது. எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்த கட்டம். வைட்டமின் ஈயின் வால் கொழுப்புக்குள் புதைந்திருக்க, தலை மட்டும் நீர்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. கொழுப்புக்குள் நுழைய முடியாத வைட்டமின் சி, வெளியில் நின்றபடியே ஒரு ஹைட்ரஜனைக் கொடுத்து அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடுகிறது. செருப்பு வந்து சேர்ந்த தாத்தா அடுத்த ஆளுக்குத் தயார். சி கிடைக்காவிட்டால்? எல்டிஎல் கொழுப்புத் துகள்களில் சோதித்தபோது, தனியே விடப்பட்ட தாத்தாவே திருடத் தொடங்கியதைக் கண்டிருக்கிறார்கள்.

வரலாறும் கொஞ்சம் வேண்டுமாம். 1922இல் எலிகளின் கருவுறுதலை ஆராய்ந்த எவான்ஸும் பிஷப்பும் கலிஃபோர்னியாவில் வைட்டமின் ஈயைக் கண்டார்கள். முதுமைக்கே ராடிகல்தான் காரணம் என்று 1956இல் டென்ஹம் ஹார்மன் எழுதினார். மாத்திரை வியாபாரத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

மனிதர்களில் என்ன ஆயிற்று? லேசான மறதி கொண்ட 769 பேரைப் பிரித்து 3 ஆண்டு கவனித்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் அல்சைமருக்குள் போனார்கள். ஏற்கெனவே அல்சைமர் வந்துவிட்ட 613 அமெரிக்க முன்னாள் படைவீரர்களை வைத்து நடந்த ஆய்வில் (2014) ஒரு நல்ல செய்தி உண்டு: குளிப்பது, உடுத்துவது போன்ற அன்றாடக் காரியங்களில் ஏற்படும் சரிவு சுமார் 6 மாதம் தள்ளிப்போனது. நினைவாற்றல் சோதனையில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. என்னை உறுத்துவது 2012இல் வந்த சிறிய ஆய்வு. ஈ, சி, லிபோயிக் அமிலம் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தபோது, மூளைத் தண்டுவட நீரில் கொழுப்புச் சேதத்தின் அடையாளம் உண்மையிலேயே குறைந்தது. அதே ஆட்களின் மனத்திறன் மதிப்பெண்ணோ மற்றவர்களைவிட வேகமாகச் சரிந்தது. சேதம் நோயின் காரணமா, விளைவா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை.

'ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்தது' என்ற லேபிளைப் பற்றி ஒரு வார்த்தை. உணவுகளின் ஆன்டிஆக்ஸிடன்ட் திறனைச் சோதனைக்குழாயில் அளந்து பட்டியலிட்ட அமெரிக்க வேளாண் துறையே, அதற்கும் உடலில் நடப்பதற்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்று 2012இல் பட்டியலை விலக்கிக்கொண்டது.

வாசகருக்கு: படைவீரர்களுக்குக் கொடுத்தது தினமும் 2000 யூனிட், அதாவது 400 யூனிட் கேப்சூல் ஐந்து. அம்மா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், இந்த அளவு ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாம். முதலில் டாக்டரிடம் காட்டி பி12, தைராய்டு சோதனைகளைச் செய்துவிடுங்கள். அவற்றின் குறையால் வரும் மறதிக்குச் சிகிச்சை இருக்கிறது.