மாங்கனியின் கோடு ஏன் கலைகிறது?

ஆனிப் பௌர்ணமியை ஒட்டிக் காரைக்காலில் மாங்கனித் திருவிழா. சிவன் பிச்சாண்டவராக வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழங்களை இறைப்பார்கள். அந்தப் பழத்தை உருளைக்கிழங்கில் செதுக்கி, கறுப்பு மையில் அச்சுக் குத்தி, வண்ணம் தீட்டிப் பாருங்கள். தூரிகை பட்டதுமே கறுப்புக் கோடு கலைந்து, மஞ்சள் அழுக்காகும். ஏன்?

சாதாரண ஸ்டாம்ப் பேடு மையில் பெரும்பாலும் இருப்பது நீரில் கரையும் சாயம். வாட்டர்கலரின் ஈரத்தோடு அதுவும் ஓடிவிடும். நீர்புகா நிறமி மையோ காய்ந்தபின் காகித இழைகளைப் பற்றிக்கொள்ளும்.

மார்க்கர் வேறு ரகம். பெர்மனென்ட் மார்க்கரில் கரைப்பான் பெரும்பாலும் ஆல்கஹால். நீருக்கு அசையாத கோட்டைக்கூட அது சிலசமயம் இழுத்துவிடும்.

இன்னொரு வேடிக்கை: தீட்டிய மஞ்சள் காய்ந்ததும் ஓரம் மட்டும் அடர்ந்திருக்கும், மேசையில் சிந்திய காப்பிக் கறைபோல. விளிம்பில் நீர் சீக்கிரம் ஆவியாகிறது. அதை ஈடுகட்ட நடுவிலிருந்து பாயும் நீர் நிறமித் துகள்களையும் சுமந்துவந்து அங்கே இறக்குகிறது. பழத்துக்கு உருட்சி தருவதால் எனக்கு அது குறையாகவே படவில்லை.

காரைக்கால் போன்ற கடலோர ஊர்க் காற்றில் ஈரப்பதம் அதிகம், காய்வதும் தாமதம். நீர்புகா மையில் குத்திய அச்சை நன்றாக உலரவிட்டு, முதலில் வாட்டர்கலர், கடைசியில் மார்க்கர் என்று தொடுங்கள்.