ராமேசுவரத்துக்கு எவ்வளவு ஆகும்?

ராமநாதபுரம் மாவட்டத்து மாரியூர்க்காரர்களுக்குக் கடல் வாசலிலேயே இருக்கிறது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் சாயல்குடி, கடலாடிப் பக்கத்துச் சனம் இங்கே வந்து முழுக்குப் போட்டு, முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுத்து, சிவன் கோயிலில் பூவேந்தியநாதரைக் கும்பிட்டுவிட்டுப் போகிறது. சித்திரைத் திருவிழாவில் சிவன் வலை வீசிய திருவிளையாடலை நடத்திக் காட்டுவார்கள். அப்படியிருந்தும் “ராமேசுவரம் போய் வந்தோம்” என்று சொல்வதற்குத் தனி மதிப்புதான். கையில் காசு இருந்தால் ராமேசுவரம், கொஞ்சம் இழுபறி என்றால் சேதுக்கரை அல்லது தேவிபட்டினம், அதுவும் தோதுப்படாவிட்டால் மாரியூர் என்று இந்தச் சீமையில் கடலுக்கே ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையைப் போட்டது மடிச்சீலைதான்.

அன்றைக்கு அந்த மடிச்சீலையைக் காலியாக்கியது வழி. மாட்டுவண்டி, தோணி, வழியில் கழிகிற நாட்கள், அந்த நாட்களில் வேலைக்குப் போகாததால் போகும் கூலி. தங்குவதற்கும் சாப்பிடுவதற்கும் பெரிதாக ஆகவில்லை. இன்றைக்குக் கணக்கு அப்படியே தலைகீழ். வழி மலிந்துவிட்டது, தங்கல் விலையேறிவிட்டது.

காசியிலிருந்து நடந்து வந்தவர்களை நினைத்துப் பார்க்கலாம். வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே சொத்தை எழுதி வைத்துவிட்டுப் புறப்பட்டவர்கள் அவர்கள். மாதக்கணக்கில் நடக்கிறவன் ஒவ்வொரு ராத்திரிக்கும் வாடகை கொடுப்பதென்றால் எந்தச் சொத்தும் தாங்காது. தாங்கிக்கொண்டது சத்திரம். தஞ்சை மராட்டிய மன்னர்கள் ராமேசுவரம் போகிற பாதையில் ஒரத்தநாடு, ராஜாமடம், மீமிசல் என்று வரிசையாகச் சத்திரங்கள் கட்டி, அவற்றை நடத்துவதற்கு ஊர்களையே மானியமாக எழுதி வைத்தார்கள். கிழக்கிந்தியக் கும்பினி ஆட்சி அந்த மானியத்தில் கைவைத்துவிடுமோ என்ற கவலையில், 1801-இல் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி கும்பினியின் பிரதிநிதியான தஞ்சை ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரச் செலவின் வரவு செலவுத் திட்டம் என்றே அதைப் படிக்கலாம். வருகிறவர் எந்தச் சாதியானாலும் சோறு; சமைத்ததைச் சாப்பிடாதவருக்கு அரிசியும் மளிகையும்; நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் உண்டா என்று கூப்பிட்டு விசாரிப்பது; நோயாளிக்கு வைத்தியர்; குழந்தைக்குப் பால்; பிள்ளைத்தாய்ச்சிக்குப் பராமரிப்பு; வழியில் செத்துப்போனால் இறுதிச் சடங்கு. இன்றைக்கு எந்த விடுதியின் விலைப்பட்டியலிலும் அந்தக் கடைசி வரி கிடையாது.

இலவசம் என்பது எல்லாருக்கும் ஒரே அளவில் இலவசமாக இருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சோறு எல்லாருக்கும் உண்டு என்றாலும் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது, எந்தத் திண்ணையில் படுப்பது என்பதைச் சாதி தீர்மானித்தது. கோயிலுக்குள் போவதற்கே சென்னை மாகாணத்தில் 1939-இல் ஒரு சட்டம் தேவைப்பட்டது. பழைய சத்திரங்களை எண்ணிப் பெருமூச்சு விடுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமலே மூடிவிடுகிறார்கள்.

தீவுக்குள் வந்துவிட்டால் அக்காள்மடம், தங்கச்சிமடம், தனுஷ்கோடிப் பக்கம் முகுந்தராயர் சத்திரம் என்று இன்றும் பேருந்து நடத்துநர் கூவுகிற ஊர்கள் எல்லாம் தங்குமிடங்களின் பெயர்கள்தான். வடநாட்டு யாத்ரீகர்களைப் பண்டாக்கள் என்ற புரோகிதர்கள் தங்கள் வீட்டிலேயே வைத்துச் சாப்பாடு போட்டு, தீர்த்தமாட வைத்து, கிளம்பும்போது தட்சிணை வாங்கிக்கொண்டார்கள். நகரத்தார் தங்கள் ஆட்களுக்கு விடுதி கட்டினார்கள். நம் பக்கத்து ஆட்கள் புளிச்சோற்றைக் கட்டிக்கொண்டு போய், கோயில் பிராகாரத்தின் கல்தரையில் துண்டை விரித்தார்கள். பிள்ளை வரம் கேட்டு வந்தவர்கள் நாட்கணக்கில் தங்கியதற்கும் அந்தக் கல்தரையே போதும். பனையேறிகள் குடும்பத்துக்கு ஆடி அமாவாசை தோதான நாள். பதநீர்ப் பருவம் முடிந்து கருப்பட்டிக் காசு கையில் நிற்கிற நேரம்.

வழிச்செலவு குறைய ஆரம்பித்தது 1902-இல், மதுரையிலிருந்து மண்டபம் வரை ரயில் வந்தபோது. மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் நடுவிலுள்ள கடல் மட்டும் பாக்கி. அதையும் 1914 பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் தாண்டியது. அதன்பிறகு ராமேசுவரம் பயணத்தின் முடிவு என்பதுபோய், கொழும்புக்குப் போகிற வழியில் ஒரு தீவு என்றாகிவிட்டது. எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயில், கொழும்பு. தீவில் ஒரு ராத்திரிகூடத் தங்க வேண்டியதில்லை. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனதோடு அந்த வழி முடிந்தது.

உண்மையான திருப்பம் 1988 அக்டோபர் 2. அன்று சாலைப் பாலம் திறந்தது. அதுவரை எந்த வண்டியும் மண்டபத்தோடு நின்றாக வேண்டும். தீவுக்குள் போக ரயில் ஒன்றுதான் வழி. பாலம் வந்தபின் வேனும் பேருந்தும் கோயில் வாசல் பக்கம் வரை வந்துவிட்டன. விடியுமுன் அக்கினி தீர்த்தம், பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தம், தரிசனம், பொழுது சாயுமுன் ஊர். கடற்கரையோரமாகத் தூத்துக்குடிச் சாலை சீரானதும் சாயல்குடிப் பக்கத்திலிருந்து இது இன்னும் சுலபமாயிற்று. 2017 ஜூலையில் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைக்குச் சுமார் ஒன்பதரை கிலோமீட்டர் சாலை திறந்தபின், மணலில் மீன் ஏற்றும் வேனில் குலுங்கிப்போன தனுஷ்கோடிப் பயணமும் அதே பகலுக்குள் அடங்கிவிட்டது.

இப்போது தங்கல் கணக்குக்கு வருவோம். தீர்த்தமாடக் கோயில் கட்டணம் தலைக்கு 25 ரூபாய். வாளி இறைப்பவருக்குக் கொடுப்பது அவரவர் மனது. கோயிலில் அன்னதானம் இருக்கிறது. ஆக, சாமியும் சாப்பாடும் இன்னும் ஏழைக்கு எட்டுகிற விலையில்தான். எட்டாதது அறை. நான்கு பேர் குடும்பத்துக்கு ஒரு ராத்திரி அறை வாடகை, மற்ற எல்லாச் செலவையும் சேர்த்தாலும் தாண்டி நிற்கும். அமாவாசையும் தொடர் விடுமுறையும் சேர்ந்து வந்தால் வாடகை எங்கே நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது. வரியும் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறது. ஆயிரம் ரூபாய்க்குக் கீழான விடுதி அறைக்கு முன்பு ஜிஎஸ்டி கிடையாது. 2022 ஜூலை 18 முதல் 12 சதவீதம் வந்தது. 900 ரூபாய் அறை 1,008 ரூபாயாயிற்று. 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவீதம். அதே அறை 945. எளியவன் தேடுகிற அறைக்கு முதலில் வரி போட்டுவிட்டுப் பிறகு குறைத்ததற்கு என்ன பெயர் வைப்பதோ. மலிவாகத் தங்க நினைப்பவர் ராமநாதபுரத்தில் அறை எடுத்து, காலையில் பேருந்தேறிப் போய்வருவது நல்லது. தீவுக்கு வெளியே வந்தாலே வாடகை இறங்கிவிடும்.

தீவில் நாட்கணக்கில், வாரக்கணக்கில் தங்குகிறவர்களும் இன்று இருக்கிறார்கள். அவர்கள் வேண்டுவது காற்று. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களிலும் வாடைப் பருவத்திலும் பெருங்காற்றாடியைப் பிடித்துக்கொண்டு கடல்மேல் சறுக்குகிற கைட் சர்ஃபிங் விளையாட்டுக்காக வருகிறார்கள். மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளித்தால் பாக் விரிகுடாப் பக்கம் அடங்கியிருக்கும், காற்று திரும்பினால் அது மாறும் என்பது மீனவர்களுக்குப் பரம்பரையாகத் தெரிந்த கணக்கு. அந்தக் கணக்கை வைத்துத்தான் இவர்கள் விடுமுறை போடுகிறார்கள். அவர்கள் செலவில் அறை ஒரு பகுதிதான். கருவி வாடகையும் பயிற்சிக் கட்டணமும் தனி. பிராகாரத்தில் துண்டு விரித்தவர்களுக்குப் பிறகு, தீவில் அவசரமில்லாமல் இருக்கிற கூட்டம் இதுதான் என்று தோன்றுகிறது.

நடுவில் கொஞ்சகாலம், வழியே காசைக் கரைக்கிற பழைய கணக்கு திரும்பியது. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓட்டம் நின்றது. மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ இறங்கி, மூட்டை முடிச்சோடு பேருந்துக்கோ ஆட்டோவுக்கோ அலைய வேண்டியிருந்தது. ரயில் டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததைக் கடைசிச் சில கிலோமீட்டர் விழுங்கியது. 72.5 மீட்டர் நீளப் பகுதி செங்குத்தாக மேலே எழும்பிக் கப்பலுக்கு வழிவிடுகிற புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறந்தபின்தான் ரயில் மறுபடி தீவுக்குள் போனது.

மாரியூர்ப் பக்கத்துக்கு இந்த ரயிலால் பெரிய உதவி இல்லை. இங்கே கணக்கு வேன் கணக்கு. நாலு வீடு சேர்ந்து ஒரு வேன் பிடித்து, வாடகையைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொண்டு, நடுச்சாமத்தில் கிளம்பி, தனுஷ்கோடி, அப்துல் கலாம் நினைவிடம் எல்லாம் பார்த்துவிட்டு, ராத்திரிச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். ஒரு ராத்திரி தங்கிப் பார்க்கலாமே என்று வேனில் யாராவது ஆசைப்பட்டால், “அந்த ரூமுக்குக் கொடுக்கிற காசுக்கு அடுத்த அமாவாசைக்கு இன்னொரு தடவை வந்துட்டுப் போயிரலாமே” என்று முன்சீட்டிலிருந்து பதில் வரும்.