பழைய தோல் பைக்குப் புத்துயிர்

பழைய கைப்பையை மலிவாக வாங்குமுன், அது தோல்தானா என்று பார்த்துவிடுவோம். உட்புறத்தில் வெட்டிய ஓரம் தெரிந்தால் உற்று நோக்கலாம். தோலாயின் நார்நாராக இருக்கும். துணியின் நெசவு தெரிந்தால் பெரும்பாலும் ரெக்சின். மேற்பூச்சு உரியத் தொடங்கிய ரெக்சினை எந்தப் பாலிஷும் மீட்காது. கொடுத்த பணம் வீணே.

தோற்பையில் மழைக்காலத்து வெண்பூஞ்சை படிந்திருந்தால், வீட்டுக்கு வெளியே கொண்டுசென்று உலர்ந்த தூரிகையால் தட்டிவிட வேண்டும். உள்ளேயே தட்டினால் அதன் வித்துகள் மற்ற பொருள்களிலும் பரவும். பின்னர்ப் பிழிந்த மென்துணியில் தோலுக்குரிய சோப்பைத் தொட்டுத் துடைத்து, நிழலில் காற்றாட உலர்த்துவோம். வெயிலில் வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும்.

இந்த இடத்தில்தான் நம்மில் பலர் தேங்காய் எண்ணெயைத் தேடுகிறோம். கூந்தலுக்கு உகந்தது பைக்கும் உகந்தது என்று எண்ணிவிடுகிறோம் போலும்! எண்ணெய் ஊறிய இடம் திட்டுத்திட்டாகக் கருக்கும். அந்தக் கறையை வீட்டில் நீக்குவது அரிது. கடையில் கிடைக்கும் லெதர் கண்டிஷனரைப் பட்டாணி அளவே எடுத்து, பையின் அடிப்பகுதியில் சோதித்த பின்னர்ப் பூசுதல் நலம். பூம்பட்டுப் போன்ற ஸ்வேட் தோலுக்கு இம்முறை பொருந்தாது. அதற்குத் தூரிகை மட்டுமே போதும்.

எடுத்து வைக்கும்போது உள்ளே வெள்ளைத் தாளைத் திணித்து, பருத்தித் துணிப்பையில் இடுவோம். பாலித்தீன் உறை ஈரத்தை வெளியேறவிடாது. பூஞ்சை மீண்டும் வந்துவிடும்.