கூறியது கூறல்

மூன்று விடைத்தாள்களில் ஒரே பிழை ஒரேவிதமாகத் தென்பட்டால், தலைமையாசிரியனாக இருந்த நான் அவற்றை மூன்று சாட்சிகளாகக் கொண்டதில்லை. மருத்துவ ஆராய்ச்சியிலும் அந்த விழிப்பு வேண்டும்.

ஒரு மருந்தைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் முறையாகத் தேடி, தரம் பார்த்து, ஒருங்கே முடிவு கூறுவது தொகுப்பாய்வு. பயனுள்ள முயற்சிதான். ஆனால் மனச்சோர்வு மருந்துகளைப் பற்றி மட்டும் 2007 முதல் 2014 வரை 185 தொகுப்பாய்வுகள் வெளிவந்தன என்று அயோனிடிஸ் என்னும் அறிஞர் 2016-இல் எடுத்துக்காட்டினார். இலக்கணம் குற்றமெனக் கூறும் 'கூறியது கூறல்' இத்தகைய பெருக்கத்தில் எவ்வளவு?

அதை அளக்க ஒரு கணக்கு உண்டு. மூல ஆய்வுகள் 10, தொகுப்பாய்வுகள் 3 என்று கொள்வோம். கட்டம் போட்டு, எதில் எது இடம்பெற்றதோ அங்கே குறியிடுங்கள். குறிகள் 22 என்றால், முதன்முறை வந்த 10-ஐக் கழிக்க, மறுகுறிகள் 12. கட்டங்கள் 30, அதிலும் 10-ஐக் கழிக்க 20. இருபதுக்குப் பன்னிரண்டு, 60 விழுக்காடு. 15-ஐத் தாண்டினாலே மிக அதிகம் என்பது 2014-இல் பீப்பர் முதலானோர் வகுத்த அளவு.

இதனால் என்ன கேடு? மூன்று தொகுப்பாய்வுகள் ஒத்துரைப்பதாக மருத்துவர் நம்புவார். பேசியவையோ அதே சில ஆய்வுகள். அவற்றில் பிழையிருந்தால், மும்மடங்கு உறுதியுடன் அது நோயாளியைச் சேரும்.

சரிபார்க்கவும் புதிய ஆய்வுகளைச் சேர்க்கவும் மீண்டும் செய்வது கடமை. காரணமின்றிச் செய்வதே வீண். அதைத் தவிர்க்க உதவுமாறு, திட்டங்களை முன்கூட்டியே பதியும் 'பிராஸ்பெரோ' பதிவேடு 2011-இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்டது.

மாணவர்களே, 'எத்தனை பேர் சொன்னார்கள்?' என்று எண்ணுமுன், 'எதைக் கண்டு சொன்னார்கள்?' என்று கேளுங்கள்.