ஒரே விளைபொருளை நம்பிய தேசம்
கினி-பிஸாவ் முந்திரியும் தொட்டியம் வாழையும்

விவசாயத்தால் ஜீவிக்கும் ஒரு தேசத்தின் செல்வநிலையை அறிய விரும்புவோர், அத்தேசத்தின் நிலம், மழை, நதி, துறைமுகம் ஆகிய நான்கையும் முதலில் அறிதல் வேண்டும். அதன்பின், அங்கு விளையும் பொருள் யாரால் வாங்கப்படுகிறது, விலையை நிர்ணயிப்பவர் யார் என்பதையும் விசாரித்தல் வேண்டும். நிலவளமும் மழைவளமும் குறைவின்றி வாய்த்திருந்தும் வறுமை நீங்காத தேசங்கள் உலகில் பல உண்டு. அவற்றுள் ஒன்றைப் பற்றி இங்கு எழுதப்புகுந்தோம். தொலைதூரத்துத் தேசத்தைப் பற்றித் தொட்டியம் பகுதிக் குடியானவர்களுக்கு என்ன கவலை என்று சிலர் வினவக்கூடும். அவ்வினாவிற்கு விடை இக்கட்டுரையின் பிற்பகுதியில் விளங்கும்.

நில அமைப்பும் சீதோஷ்ணமும்

ஆப்பிரிக்கா கண்டத்தின் மேற்குக் கரையில், செனகல் தேசத்திற்குத் தெற்கிலும் கினி தேசத்திற்கு வடக்கிலும் அமைந்துள்ள சிறு தேசம் கினி-பிஸாவ் என்பது. இதன் விஸ்தீரணம் சுமார் 36,000 சதுர கிலோமீட்டர்; நம் தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பங்கைவிடச் சிறிது அதிகம். ஜனத்தொகை ஏறக்குறைய 20 லட்சத்திற்குச் சிறிது மேற்பட்டது. 2011-ம் வருஷத்து ஜனக்கணிதப்படி நம் திருச்சி ஜில்லாவின் ஜனத்தொகை 27 லட்சத்திற்கு மேல் ஆதலின், அத்தேசம் முழுவதிலும் உள்ளோர் நம் ஒரு ஜில்லாவில் உள்ளோரினும் குறைந்தவரே. பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 11 பாகையில் தொட்டியம் அமைந்திருக்கிறது. அதே ரேகையைப் பற்றிக்கொண்டு மேற்கே சென்றால், அரபிக் கடலையும் ஆப்பிரிக்கா கண்டத்தையும் கடந்து, அட்லாண்டிக் கடற்கரையில் நாம் அடையும் தேசம் இதுவே. வெயிலும் வெப்பமும் நம்முடையவற்றிற்கு அதிகம் வேறுபட்டவை அல்ல.

ஆனால் மழையில் பெரிய பேதம் உண்டு. திருச்சி ஜில்லாவின் சராசரி மழை வருஷத்திற்கு 900 மில்லிமீட்டருக்கும் குறைவு. அங்கோ ஜூன் முதல் அக்டோபர் வரையில் பெய்யும் ஒரே பருவமழை, வடபாகத்தில் 1,200 மில்லிமீட்டருக்கு மேலும், தென்பாகத்தில் 2,000 மில்லிமீட்டருக்கு மேலும் பெய்கிறது. எஞ்சிய மாதங்களில் வானம் வறண்டு கிடக்கும்.

தேசத்தின் பெரும்பாகம் தாழ்ந்த சமவெளி. மிக உயர்ந்த இடமும் கடல்மட்டத்திற்குமேல் சுமார் 300 மீட்டரே. கெபா, கொருபால், கச்செயு ஆகிய நதிகள் அகன்ற முகத்துவாரங்களோடு கடலிற் கலக்கின்றன. கடல் ஏற்றத்தின்போது உவர்நீர் அந்நதிகளின் வழியே வெகுதூரம் உள்நாட்டிற்குள் புகுந்துவிடும். நம் பிச்சாவரத்திற் காணப்படுவது போன்ற அலையாத்திக் காடுகள் கரையெங்கும் அடர்ந்துள்ளன. கரைக்கு அப்பால் பிஜாகோஸ் என்னும் தீவுக்கூட்டம் உண்டு. அதில் சுமார் 88 தீவுகள் இருப்பினும், அவற்றுள் ஏறக்குறைய 20 தீவுகளில் மாத்திரமே ஜனங்கள் நிலையாக வசிக்கின்றனர்.

நெல் விளைத்த தேசம்

அத்தேசத்து ஜனங்களின் பிரதான ஆகாரம் அரிசி. கடற்கரைப் பாகத்தில் வாழும் பலாந்தா என்னும் குடிகள் நெற்சாகுபடியில் மிக்க சாமர்த்தியம் உடையவர்கள். அலையாத்திக் காட்டைத் திருத்தி, கடல்நீர் உட்புகாதபடி களிமண்ணால் உயர்ந்த கரை எழுப்பி, இரண்டு மூன்று வருஷங்களின் மழைநீரை வயலில் தேக்கி வடித்து, மண்ணிலுள்ள உப்பைக் கழுவி, அதன்பிறகே நாற்று நடுவர். நீரை வடிப்பதற்குக் குடைந்த மரத்தைக் கரையினூடே புதைத்து மதகாக உபயோகித்தனர். மாடு பூட்டி உழ இயலாத அச்சேற்றில், இரும்பு நுனியுள்ள நீண்ட மரக் கொத்தினாலேயே பாத்தி எழுப்புவர். இவ்வளவு உழைப்பினால், விடுதலைப் போருக்கு முந்திய காலத்தில் அத்தேசம் தன் தேவைக்குப் போக அரிசியை வெளிநாட்டிற்கு அனுப்பியதும் உண்டு.

அக்காலத்தில் போர்த்துகீசியர் அத்தேசத்தை ஆண்டனர். அவர்கள் ஏற்றுமதிக்கென்று நிலக்கடலையை விளைவிக்கச் செய்தனர். 1953-ம் வருஷத்தில் அங்கு நிகழ்ந்த விவசாயக் கணக்கெடுப்பை நடத்தியவர் அமில்கார் கப்ரால் என்பவர். இவர் 1924-ல் அத்தேசத்தின் பஃபாட்டா நகரிற் பிறந்து, லிஸ்பன் நகரில் விவசாய சாஸ்திரம் கற்றவர். கிராமம் கிராமமாகச் சென்று கணக்கெடுத்த அவ்வநுபவமே குடிகளின் நிலையை அவருக்கு நன்கு உணர்த்தியது. பிற்காலத்தில் அவரே விடுதலை இயக்கத்தின் தலைவரானார். 1963-ல் தொடங்கிய போர் பல வருஷங்கள் நீடித்தது. 1973 ஜனவரி 20-ந் தேதி கப்ரால் கொலையுண்டார். அவ்வருஷம் செப்டம்பரில் விடுதலைப் பிரகடனம் வெளியாயிற்று. 1974-ல் போர்த்துகல் அதனை ஒப்புக்கொண்டது. போர்க்காலத்தில் வயற்கரைகள் பல இடிந்தன. குடிகள் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தனர். அரிசி அனுப்பிய தேசம் அரிசி வாங்கும் தேசமாயிற்று.

முந்திரி வந்த வரலாறு

முந்திரியின் பூர்விகம் பிரேஸில் தேசம். போர்த்துகீசியரே அதனை இந்தியாவின் மேற்குக் கரைக்கும் ஆப்பிரிக்காவுக்கும் கொணர்ந்தனர். தென்பாண்டி நாட்டில் இதனைக் கொல்லாமரம் என்றும் வழங்குவர். 1980-க்குப் பிற்பட்ட வருஷங்களில் கினி-பிஸாவ் தேசத்தில் முந்திரி சாகுபடி வேகமாகப் பரவிற்று. அதற்குக் காரணம் சொல்வது எளிது. மேட்டு நிலத்தில் உரமும் நீரும் அதிகம் வேண்டாது வளரும். மூன்று நான்கு வருஷங்களில் காய்க்கத் தொடங்கும். கொட்டை பொறுக்குவதற்குப் பெண்டிரும் பிள்ளைகளும் போதும். கொட்டை கெடாமல் மாதக்கணக்கில் இருக்கும். ஏழைக் குடியானவனுக்கு இதனினும் ஏற்ற மரம் வேறு எது? ஆதலின் அவர்கள் செய்தது அறியாமையன்று. ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே நோக்கின் தக்கதையே செய்தது. எல்லாக் குடும்பங்களும் அதனையே செய்தபோதுதான் தேசத்திற்குச் சங்கடம் உண்டாயிற்று.

இன்று அத்தேசத்தின் ஏற்றுமதி வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்கு முந்திரிக் கொட்டை ஒன்றினாலேயே கிடைக்கிறது. அக்கொட்டையும் பெரும்பாலும் உடைக்கப்படாமலே கப்பலேறுகிறது. அதனை வாங்குவோர் பிரதானமாக இந்தியாவும் வியத்நாமும் ஆவர். ஆப்பிரிக்காவிலிருந்து வரும் கொட்டை தூத்துக்குடி, கொச்சி துறைமுகங்களில் இறங்கி, கொல்லம், கன்னியாகுமரி ஜில்லா முதலிய இடங்களின் ஆலைகளை அடைந்து, அங்கே வறுத்து உடைத்துத் தரம் பிரிக்கப்படுகிறது. நாலைந்து கிலோ கொட்டையிலிருந்து ஒரு கிலோ பருப்பு கிடைக்கும். ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய்க்கும் வர்ணத் தொழில் முதலியவற்றில் கிராக்கி உண்டு. உடைக்கும் கூலி, தரம் பிரிக்கும் கூலி, எண்ணெயின் விலை, வியாபார லாபம் ஆகிய யாவும் கொட்டையை விளைவித்தவனுக்கன்றிப் பிறருக்கே சேருகின்றன.

ஒரே பயிரால் நேர்ந்த இடர்கள்

முதலாவது, விலை. வாங்குவோர் சிலர், விற்போர் பலர். கொட்டை விற்கும் காலமோ ஏப்ரல் முதல் இரண்டு மூன்று மாதங்களே. அக்காலத்தில் விலை இறங்கினால் குடியானவன் காத்திருக்க இயலாது. அங்கே பல கிராமங்களில் கொட்டைக்கு ஈடாக அரிசியையே வியாபாரிகள் அளந்து கொடுப்பர். நல்ல வருஷத்தில் ஒரு கிலோ கொட்டைக்கு ஒரு கிலோ அரிசி கிடைக்கும். விலை விழுந்த வருஷத்தில் ஒரு கிலோ அரிசிக்கு இரண்டு கிலோ கொட்டையும் அதற்கு மேலும் கொடுக்க நேரிடும்.

இரண்டாவது, ஆட்சிக் குழப்பம். 1998-99-ல் உள்நாட்டுப் போர் மூண்டது. 2012 ஏப்ரலில், கொட்டை பொறுக்கும் பருவத்திலேயே, ராணுவத்தார் சர்க்காரைக் கவிழ்த்தனர். 2020-ல் கொரோனா நோயினால் வியாபாரம் தடைப்பட்டது. பிஸாவ் துறைமுகம் ஒன்றையே நம்பிய தேசத்தில், துறைமுகம் சில வாரங்கள் முடங்கினாலும் காட்டுக் கிராமத்தில் அடுப்பு எரியாது.

மூன்றாவது, ஆகாரம். முந்திரிப் பருவத்தின் இறுதியும் நெல்வயலைத் திருத்தும் காலமும் ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன. கையில் காசு தரும் வேலையை நோக்கி ஆட்கள் சென்றமையால் பல இடங்களில் கடற்கரைக் கரைகள் பராமரிப்பின்றி இடிந்தன. ஒருமுறை உவர்நீர் புகுந்த வயலைத் திருத்துவதற்கு மீண்டும் வருஷக்கணக்கில் மழை வேண்டும். ஆகவே, அரிசியை விலைக்கு வாங்கும் தேவை ஆண்டுதோறும் நிலைத்துவிட்டது.

பிற தேசங்களின் அநுபவம்

இத்தகைய அநுபவம் கினி-பிஸாவுக்கு மாத்திரம் உரியதன்று. இலங்கையில் மலைநாடு முழுதும் காப்பி பயிரிட்டிருந்த காலத்தில், 1869-ல் இலைத்துரு நோய் தோன்றிச் சில வருஷங்களில் அத்தொழிலையே அழித்தது. நம் திருச்சி ஜில்லாவிலிருந்தும் பிழைப்புத் தேடிச் சென்ற தொழிலாளர் அத்துன்பத்தில் பங்குகொண்டனர். பின்னர்த் தேயிலை அவ்விடத்தைப் பெற்றது. மத்திய அமெரிக்கச் சிறு தேசங்களில் ‘குரோஸ் மிஷெல்’ என்னும் ஒரே வாழை ரகத்தைப் பயிரிட்டு வந்தனர். பனாமா வாடல் நோயினால் 1960-ம் வருஷத்தை ஒட்டி அந்த ரகம் உலக வியாபாரத்திலிருந்தே மறைந்தது. நம் ராஜ்யத்திலும், 2011 டிசம்பர் 30-ந் தேதி வீசிய ‘தானே’ புயலில் கடலூர் ஜில்லா முந்திரித் தோப்புகள் ஒரே நாளில் சாய்ந்ததை யாரும் மறந்திரார்.

தொட்டியம் பகுதிக்கு இதிலுள்ள பாடம்

காவிரியின் வடகரையில், முசிறிக்கு மேற்கே, தொட்டியம், காட்டுப்புத்தூர் முதலிய ஊர்களைச் சுற்றிய வண்டல் நிலம் வாழைக்கு மிக உகந்தது. பூவன், நேந்திரன், ரஸ்தாளி, கற்பூரவல்லி, ஏலக்கி ஆகிய ரகங்கள் இங்கு பயிராகின்றன. வாழையைப் பயிரிட்டு வீடு கட்டியவரும், பிள்ளைகளைப் படிக்க வைத்தவரும் இப்பகுதியில் அநேகர். ஆதலின் வாழையைக் கைவிடும்படி நாம் கூற வரவில்லை. முந்திரி மரம் குற்றமற்றது போலவே வாழையும் குற்றமற்றது. வீட்டின் முழுச் சீவனமும் ஒரு தாரின் காம்பில் தொங்குவதுதான் அபாயம்.

குத்தகைக்கு நிலம் எடுத்து, கடன் வாங்கிக் கன்று நட்டு, பத்து மாதம் நீர் பாய்ச்சி, குலை தள்ளிய தருணத்தில் கோடையிடி மழையோடு வீசும் ஒரு நாழிகைக் காற்றில் தோட்டம் முழுதும் ஒடிந்து விழுமாயின், அக்குடும்பத்தின் நிலை என்ன? 2016-ல் வடகிழக்குப் பருவமழை சராசரியினும் 62 சதவீதம் குறைந்தது போன்ற வருஷம் மீண்டும் வருமாயின் என்ன? நேந்திரனுக்குக் கேரளத்து ஓணப் பண்டிகைச் சந்தை பெரிய ஆதாரம். அங்கே கிராக்கி குறைந்தால், இங்கே தார் வெட்டும் கூலியும் கட்டாது. பிஸாவ் கிராமத்தான் கொல்லத்து விலையை எதிர்நோக்குவதும், தொட்டியத்துக் குடியானவர் பாலக்காட்டு வியாபாரியை எதிர்நோக்குவதும் ஒரே தன்மையன.

ஆகையால் பின்வருவனவற்றைக் குடியானவர்கள் ஆலோசிப்பது நலம்:

1. நிலம் முழுவதையும் ஒரே ரகத்தில், ஒரே மாதத்தில் நடாதிருத்தல். நடவைப் பிரித்துச் செய்தால் காற்றும் விலையும் தோட்டம் முழுவதையும் ஒருங்கே பாதியா. ரஸ்தாளி வாடல் நோய்க்கு எளிதில் ஆளாகும்; பூவன் அந்நோயை ஓரளவு தாங்கும். நோய் கண்ட தோட்டத்துக் கன்றை எக்காரணம் பற்றியும் வேறு நிலத்திற்குக் கொண்டுபோகலாகாது.

2. வாழைக்குப் பின் நெல் வைத்துப் பயிரை மாற்றுதல். நீர் தேங்கி நிற்கும் வயலில் வாடல் நோயின் வேகம் தணியும். வீட்டிற்கு அரிசியும் கிடைக்கும். பிஸாவ் தேசத்தார் இழந்தது இந்தக் குதிரையே என்பதை நினைவிற் கொள்க.

3. ஆற்றோரத்தில் ஏற்ற நிலமுடையோர் ஒரு பாகத்தில் கோரை பயிரிடுதல். ஒருமுறை நட்டால் பல வருஷங்கள் அறுக்கலாம். முசிறி வட்டாரத்தில் பாய் நெய்யும் தொழில் உள்ளமையால், விளைந்த பொருள் ஊரிலேயே கைத்தொழிலாகவும் மாறுகிறது. கோரையைப் பச்சையாகவே விற்பதினும் பாயாக விற்பதே வருமானம்.

4. வாழையிலும் அவ்வாறே. இலை, பூ, தண்டு, நார், காய் வறுவல், பழப்பொடி ஆகியவற்றிற்கு வழி தேடுதல். 1993-ல் நிறுவப்பெற்ற தேசிய வாழை ஆராய்ச்சி நிலையம் திருச்சிக்கு அருகிலேயே இருக்கிறது. வேறு தேசத்தார் தேடி வரும் அந்நிலையத்தை நம்மவர் அணுகாதிருத்தல் தகாது.

5. தனித்தனியே விற்காது, உற்பத்தியாளர் குழுவாகச் சேர்ந்து விற்றல். நூறு தார் உடையவனுக்கு வியாபாரி விலை சொல்வான்; பத்தாயிரம் தார் உடைய குழு வியாபாரிக்கு விலை சொல்லும்.

6. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் உரிய காலத்திற் சேருதல். தோட்டப் பயிருக்குக் குடியானவர் செலுத்த வேண்டிய பங்கு காப்பீட்டுத் தொகையில் 5 சதவீதத்திற்கு மேற்படாது. தம் கிராமம் அறிவிக்கப்பட்டதா, கடைசித் தேதி யாது என்பவற்றை வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டறிக.

கினி-பிஸாவ் தேசத்தில் மழைக்குக் குறைவில்லை. ஜனங்களின் உழைப்பிற்கும் குறைவில்லை. உவர்க்கடலைக் கரையிட்டு நிறுத்தி நெல் விளைத்தவர்கள் அவர்கள். ஆயினும் வருமான வழி ஒன்றேயாகி, அவ்வழியின் வாயிலும் பிறர் கையில் இருந்தமையால், அவ்வுழைப்பின் பலன் அவர்களை வந்தடையவில்லை. காவிரியின் கரையில், சந்தையும் சாலையும் ஆராய்ச்சி நிலையமும் அருகில் அமையப்பெற்ற தொட்டியம் குடியானவர்களுக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. வரும் பட்டத்திற்குக் கன்று எடுக்குமுன், இவ்வருஷம் எவ்வளவு நிலத்தில் வாழை, எவ்வளவில் நெல், எவ்வளவில் கோரை என்று குடும்பத்தார் கலந்து தீர்மானித்துக் கொள்வார்களாயின், அதுவே போதிய தொடக்கமாகும்.